விபத்தை எப்படி எழுதிவைக்க வேண்டும்: அமெரிக்க ரயில் விபத்து அறிக்கைச் சேவையைப் பற்றி ஹட்டனிலிருந்து ஒரு மதிப்பீடு

கடந்த சில மாதங்களாக, வேலை முடிந்த இரவுகளில் நான் படித்துப் பயன்படுத்திவரும் ஓர் அரசாங்கச் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. அமெரிக்காவில் ரயில் ஓட்டும் நிறுவனங்கள் தமது விபத்துகளையும் தம் தொழிலாளர்களுக்கு ஏற்பட்ட காயங்களையும் அரசாங்கத்துக்கு அறிக்கையாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அவ்வறிக்கைகளைப் பெற்றுக்கொள்ளும் மத்திய ரயில் நிர்வாகம் அவற்றை இணையத்தில் எவரும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. நிறுவனம், மாநிலம், ஆண்டு, காரணம் என்று எதைக் கொண்டும் தேடலாம். வேண்டுமானால் முழுத் தரவையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருப்பவருக்கு இது எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். தோட்டத் தொழிலாளர்களுக்காக மாதம் ஒரு முறை நாங்கள் நடத்தும் சட்ட உரிமை வகுப்பில், விபத்து நடந்தால் என்னென்ன விபரங்களை எழுதிவைக்க வேண்டும் என்ற கேள்வி திரும்பத் திரும்ப எழும். நான் சொல்லிவந்த பதில்கள் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. அதைவிட நெருக்கமான காரணம் ஒன்றும் உண்டு. 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிய இந்த மலையக ரயில் பாதை, சுற்றுலா வருகிறவர்களுக்கு ஒன்பது வளைவுப் பாலமும் தெமோதரை வளையமும். எங்களுக்கோ அது ஊர்வழி. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில், தலவாக்கலைக்கு அப்பால் கிரேட் வெஸ்டன் வரையில், தோட்டத்து மக்கள் கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தண்டவாளத்தின் மேலேதான் நடக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்து வந்தேன். மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் போனால் வெள்ளைச் சப்பாத்து சேறாகிவிடும் என்பதால் சிலிப்பர் கட்டைகளை எண்ணிக்கொண்டே நடப்போம். மூடுபனிக்குள் ரயிலின் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தபடி நின்ற நாட்கள் பல. இத்தகைய ஊரில் வாழ்கிறவருக்கு ரயில் விபத்து அறிக்கை என்பது தூரத்துச் சங்கதி அல்ல.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1910ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா விபத்து அறிக்கைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, ரயில் நிறுவனங்கள் மாதந்தோறும் அறிக்கை தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இன்று நடைமுறையில் இருப்பது மத்திய ஒழுங்குவிதித் தொகுப்பின் 49ஆம் தலைப்பிலுள்ள 225ஆம் பகுதி. ஒரு மாதத்தில் நடந்தவற்றை அம்மாதம் முடிந்து 30 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். பாரதூரமானவற்றுக்கு அந்த அவகாசமும் கிடையாது: பயணியோ ஊழியரோ இறந்தால், ஐவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ காயம் ஏற்பட்டால், சேதம் 150,000 டொலரை எட்டினால் உடனடியாகத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டும். ஊழியர்களின் காயப் பதிவேடுகளைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும்.

முக்கியமான படிவங்கள் மூன்று வகை. தடம்புரளல், மோதல் போன்றவற்றுக்கு 6180.54 என்ற எண்ணுடைய படிவம். மனிதருக்கு ஏற்பட்ட காயத்துக்கும் மரணத்துக்கும் 55, 55ஏ ஆகியவை. வீதியும் ரயில் பாதையும் சந்திக்கும் கடவையில் நடந்தவற்றுக்கு 57. சேவையின் உண்மையான பெறுமதி இந்தப் படிவங்களில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். தரவு அமெரிக்காவினுடையது, நமக்கு அதில் நேரடிப் பயன் குறைவு. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்பதை ஒரு நூற்றாண்டு அனுபவம் அந்தக் கட்டங்களுக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

54ஆம் படிவத்தை எடுத்துக்கொள்வோம். ரயிலின் வேகத்தை எழுதினால் மட்டும் போதாது. அது கருவியில் பதிவான வேகமா, மதிப்பிட்டுச் சொன்ன வேகமா என்பதையும் குறிக்க வேண்டும். சாரதியும் நடத்துநரும் விபத்து நேரத்தில் எத்தனை மணி, எத்தனை நிமிடம் கடமையில் இருந்தார்கள் என்பதற்குத் தனிக் கட்டம் உண்டு. இந்த ஒரு கட்டத்துக்காகவே அதை வடிவமைத்தவர்களை நான் மதிக்கிறேன். ஏனென்றால், சாரதி கண்ணயர்ந்தார் என்று எழுதுவது எளிது. அவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் ஓட்டினார் என்ற கேள்வி கேட்கப்பட்டால்தான் குற்றம் அவருடையது மட்டுமா என்பது வெளிப்படும்.

காரணத்தைச் சொற்களால் மழுப்ப முடியாதபடி குறியீட்டால் எழுதச் செய்கிறார்கள். பாதை, சமிக்ஞை, இயந்திரமும் மின்சாரமும், மனிதத் தவறு, ஏனையவை என்று ஐந்து பெரிய பிரிவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் நுணுக்கமான உட்பிரிவுகள். பழுதடைந்த சிலிப்பர் கட்டையால் தண்டவாள இடைவெளி அகன்றுபோவதற்கு ஒரு குறியீடு, கட்டையைப் பிடித்திருக்கும் ஆணி பழுதடைந்து அகன்றுபோவதற்கு வேறொரு குறியீடு. பட்டிப்பொலைப் பக்கம் ரயிலில் போனவர்களுக்கு ஒன்று பிடிக்கும்: அடர்ந்த மூடுபனிக்கும் தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது மண்சரிவு. மழையாலும் சரிவாலும் பாதைக்கு ஏற்பட்ட சேதத்தை அவர்கள் பாதைப் பிரிவின் கீழ், அதுவும் பாதையின் அடித்தளத்தைச் சேர்ந்த காரணமாக வைத்திருக்கிறார்கள். நம் பகுதியில் "மண்சரிவு காரணமாக" என்ற இரண்டு சொற்கள் வந்துவிட்டால் கேள்வி முடிந்துபோகிறது. வானத்தைக் குறை சொல்ல முடியாதல்லவா. அங்கோ அதே சொற்கள், அந்த மண்மேட்டுக்குக் கீழே வடிகால் இருந்ததா, கடைசியாக யார் எப்போது பார்த்தார்கள் என்ற அடுத்த கேள்விக்கு வழி திறக்கின்றன.

அறிவிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதே பலர் முதலில் கேட்கும் கேள்வி. 2008ஆம் ஆண்டின் ரயில் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், ஒரு மீறலுக்கான குடியியல் தண்டப்பணத்தின் உச்சத்தை 25,000 டொலராகவும், பாரிய அசிரத்தையாலோ தொடர் மீறல்களாலோ உயிராபத்து உண்டான இடத்து 100,000 டொலராகவும் உயர்த்தியது. பின்னர் பணவீக்கத்துக்கு ஏற்ப இத்தொகைகள் கூட்டப்பட்டு வந்திருக்கின்றன. மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனி மீறலாகக் கணக்கிடப்படும். நிறுவனத்துக்கு மட்டுமன்றித் தனிநபருக்கும் தண்டம் விதிக்கலாம், ஆனால் அவர் வேண்டுமென்றே மீறியிருந்தால் மாத்திரமே. அறிந்துகொண்டே அறிக்கையில் பொய் எழுதினால் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

தொகையைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. நிர்வாகம் முதலில் விதிக்கும் தொகையும், நிறுவனத்துடன் பேசித் தீர்த்துக்கொண்டபின் உண்மையில் கட்டப்படும் தொகையும் ஒன்றல்ல; பின்னது குறைவு. இதை அவர்களே ஆண்டுதோறும் அமுலாக்க அறிக்கையில் வெளியிடுகிறார்கள் என்பதைப் பாராட்டலாம். பெரிய நிறுவனங்களுக்கு அந்தத் தண்டப்பணம் ஒரு நாள் வருமானத்தின் சிறு துணுக்காகவே இருக்கும். ஆகவே அந்த அமைப்பு நடப்பது தண்டத்தின் கனத்தால் அல்ல என்றே நினைக்கிறேன். அதைத் தாங்கி நிற்பவை வேறு இரண்டு ஏற்பாடுகள்.

முதலாவது, தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட்டிருக்கும் உரிமை. காயப்பட்ட ஊழியர் கேட்டால் தன் காயப் பதிவேட்டின் பிரதியை நிறுவனம் அவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த வேலைத்தலத்தில் அறிவிக்கப்பட்ட காயங்களின் பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி, பன்னிரண்டு மாதங்களுக்கு வைத்திருக்க வேண்டும். தன் விபரத்தை ஒட்ட வேண்டாம் என்று கேட்கும் உரிமையும் காயப்பட்டவருக்கு உண்டு. மனிதத் தவறால் விபத்து நேர்ந்தது என்று நிறுவனம் எழுதினால், யாரைச் சுட்டி எழுதியிருக்கிறதோ அந்த ஊழியருக்கு அதை அறிவிக்க வேண்டும். அவர் தம் பக்கத்தைத் தம் கையால் எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பலாம். காயத்தை அறிவிக்க விடாமல் மிரட்டுவதோ தொல்லை கொடுப்பதோ கூடாது என்ற கொள்கையை ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். வேலையில் காயப்பட்டவரின் வைத்தியத்தைத் தாமதப்படுத்தவோ தடுக்கவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. அறிவித்ததற்காகப் பழிவாங்கப்பட்டவர் 180 நாட்களுக்குள் முறையிடலாம். தண்டனை நட்டஈடாக மட்டும் 250,000 டொலர் வரை விதிக்க முடியும்.

இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்கு என் தந்தையாரின் கை நினைவுக்கு வந்தது. நான் ஆறாம் ஆண்டில் படித்த காலத்தில் அவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தார். கொழுந்து அரைக்கும் ரோலரில் வலது கையின் நடுவிரல் அகப்பட்டு முதல் கணு வரை போய்விட்டது. மஸ்டர் துணியைக் கிழித்துச் சுற்றி, காலையில் கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஏழு தையல் போட்டார்கள். "எழுதுனா உங்களுக்குத்தான் பேரு கெட்டுப் போகும், லீவுல இருந்துட்டு வாங்க" என்று அங்கிருந்த ஒருவர் சொன்னாராம். பதிவேட்டில் சுகயீன விடுமுறை என்றே எழுதப்பட்டது. ஆளைக் கொன்ற விபத்தையும், மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாமல் செய்த விபத்தையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று நம் நாட்டின் 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் அப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சட்டம் இருந்தது, பிரதி கேட்கலாம் என்று அவருக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

அமெரிக்க விதியில், முதலுதவிக்கு மேற்பட்ட வைத்தியம் தேவைப்பட்ட காயம் அறிவிக்கப்பட வேண்டும். பிளாஸ்டர் ஒட்டினால் முதலுதவி; தையல் போட்டால் வைத்தியம். ஒரு தையலே போதும். எது காயம், எது காயமில்லை என்பதை மேலாளரின் மனநிலைக்கு விடாமல் ஊசி நூலைக் கொண்டு கோடு கிழித்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது; அதே கோட்டின் காரணமாக, தையல் போட வேண்டிய இடத்தில் பிளாஸ்டர் ஒட்டச் சொல்லும் நெருக்குதலும் எழக்கூடும் என்பதையும் மறைக்க முடியாது. வைத்தியத்தில் தலையிடக் கூடாது என்ற விதி அதனால்தான் அவசியமாகிறது.

இரண்டாவது ஏற்பாடு இதைவிடச் சர்ச்சைக்குரியது. ரயில் நிறுவனம் இச்சட்டத்தின் கீழ் ஒப்படைத்த அறிக்கையின் எந்தப் பகுதியையும், அவ்விபத்து தொடர்பான நட்டஈட்டு வழக்கில் பயன்படுத்த முடியாது. நீ எழுதியதைக் கொண்டே உன்னைக் கட்டிப்போட மாட்டோம், ஆகவே உள்ளதை எழுது. எழுதாவிட்டால் தண்டம் என்பதே இதிலுள்ள பேரம். மறைப்பதற்கான ஆசையைக் குறைக்க இது நல்ல வழி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் காயப்பட்டவரின் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் மனம் ஒப்பவில்லை. உலகமே படிக்கும் அறிக்கை, நீதிமன்ற வாசலில் மட்டும் ஊமையாகிவிடுகிறது. அவர்கள் தம் சாட்சியங்களைத் தொடக்கத்திலிருந்து திரட்ட வேண்டியிருக்கிறது. இவ்வேற்பாட்டை இங்கு எவராவது முன்மொழிந்தால், காயப்பட்டவருக்கு வழக்கில்லாமலே நட்டஈடு கிடைக்கும் வழி உறுதியாக இருக்கும்போது மட்டுமே நான் ஆதரிப்பேன்.

குறைகள் வேறும் உள. அறிக்கையை எழுதுவது விபத்துக்குள்ளான நிறுவனமே; காரணக் குறியீட்டைத் தெரிவு செய்வதும் அதுவே. 2023 பெப்ரவரி 3ஆம் திகதி ஒஹாயோவின் ஈஸ்ட் பலஸ்தீனில் 38 பெட்டிகள் தடம்புரண்டு நச்சு இரசாயனம் எரிந்த விபத்தில், சூடேறிப் பழுதடைந்த சக்கரத் தாங்கியே காரணம் என்பதைத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் தனி விசாரணை ஆதாரங்களோடு விளக்கியது. அத்தகைய சுயாதீன விசாரணை எல்லா விபத்துக்கும் கிடைப்பதில்லை. அடுத்தது பண எல்லை. தடம்புரளலில் எவருக்கும் காயமில்லாமல், சேதமும் குறிப்பிட்ட தொகையைத் தாண்டாவிட்டால் 54ஆம் படிவம் தேவையில்லை. 2017இல் அத்தொகை 10,700 டொலர், அதன்பின் கூடியிருக்கிறது. சிறு தடம்புரளல்கள்தானே பெரியதற்கு முன்னறிவிப்பு? அவை வெளியே தெரியாமல் போவது இச்சேவையின் பெரிய ஓட்டை. சேதத்தை மதிப்பிடுவதும் நிறுவனம்தான் என்பதை இதனுடன் சேர்த்து யோசிக்க வேண்டும். இன்னொன்று, அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பதும், சுருக்கெழுத்துகள் மலிந்திருப்பதும். ஒழுங்குவிதியின் மூலத்தை முதலில் திறந்து நான் இரண்டு வாரம் வீணாக்கினேன். படிவம் நிரப்புவோருக்காக நிர்வாகம் வெளியிட்ட வழிகாட்டி நூலிலிருந்து தொடங்கியிருந்தால் அந்நேரம் மிஞ்சியிருக்கும். அதில் உதாரணங்களோடு எல்லாமே விளக்கப்பட்டிருக்கின்றன.

பாதையில் நடப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கு காயப் படிவத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் எழுத்து உண்டு: கடமையிலிருந்த ஊழியர் ஏ, பயணி சி, அத்துமீறி நுழைந்தவர் ஈ. எங்கள் மக்களை அந்தப் படிவத்தில் எழுதினால் எல்லோரும் ஈ ஆகிவிடுவார்கள். நூறாண்டுகளாக வேறு வழியில்லாமல் நடப்பவரை அத்துமீறியவர் என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. எழுத்து எதுவானாலும், இறந்தவர் கணக்கில் வருகிறார், எந்த மாவட்டத்தில் எந்த நேரத்தில் என்பது பதிவாகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே இடத்தில் பலமுறை ஈ விழுந்தால், அங்கு ஒரு நடைபாதை வேண்டும் என்று கேட்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

எனக்கு மிகப் பயன்பட்டது 57ஆம் படிவம். கடவையில் ரயிலும் வீதியில் செல்பவரும் மோதினால், சேதம் எவ்வளவு சிறிதானாலும் அறிவிக்க வேண்டும். இங்கு பண எல்லையே கிடையாது. ஒவ்வொரு கடவைக்கும் ஆறு இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட தனி அடையாளம் இருப்பதால், ஒரே கடவையில் முன்பு நடந்தவை அனைத்தையும் நிமிடத்தில் எடுத்துவிடலாம். படிவத்தின் கேள்விகளைப் பாருங்கள்: விடியலா, பகலா, அந்தியா, இருளா? கடவையில் என்ன எச்சரிக்கை இருந்தது? வீதி விளக்கு இருந்ததா? வாகனச் சாரதி நின்றுவிட்டுப் புறப்பட்டாரா, நிற்காமலே வந்தாரா, தடுப்பைச் சுற்றிப் போனாரா? ரயில் பாதையை அவர் பார்க்க முடியாமல் எது மறைத்தது: கட்டிடமா, நின்றிருந்த பெட்டியா, நிலத்தின் அமைப்பா, செடிகொடியா? பொல்கஹவெலைக்கு அருகே 2005 ஏப்ரல் 27ஆம் திகதி கடவையில் பேருந்து மோதுண்டு பலர் மாண்டதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய பேரழிவு நடந்தால் எல்லோரும் கேட்பார்கள். ஒரு முச்சக்கரவண்டியின் பின்பக்கம் மட்டும் நசுங்கிய நாளிலும் இதே கேள்விகளைக் கேட்கிற படிவம் இது.

எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழியிலுள்ள கடவையில் அப்படித்தான் நடந்தது. உயிர்ச்சேதம் இல்லை, சாரதியின் கவனக்குறைவு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. சென்ற ஞாயிறன்று 57ஆம் படிவத்தைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு நானும் வகுப்புக்கு வரும் இருவரும் அங்கு போனோம். முச்சக்கரவண்டியின் ஆசன உயரத்தில் குந்தி உட்கார்ந்து மேற்குப் பக்கம் பார்த்தோம்: வளைவு, அதன் மேல் இடுப்பளவு மானாப்புல், அதற்கும் மேலே கவ்வாத்து வெட்டாத தேயிலை. தண்டவாளத்துக்கு மிக அருகில் வரும் வரை எதுவும் தெரியவில்லை. என்னோடு வந்த அக்கா, கொழுந்து எடுத்துப் பழகிய கண்ணோடு, புல் எத்தனை மாதமாக வெட்டப்படவில்லை என்பதையும் அதன் தண்டைப் பிடித்துப் பார்த்துச் சொன்னார். செடிகொடி என்ற கட்டத்தில் அடையாளம் போட்டோம். நிலத்தின் அமைப்பு என்ற கட்டத்திலும் போட்டோம்.

பயனைப் பொறுத்தவரை ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பத்திரிகையாளர்கள், தொழிற்சங்கத்தில் வேலை செய்பவர்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள் ஆகியோருக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். இதை இங்கு எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பவர்களுக்கு: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது, தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். முன்பு நான் எழுதிய விண்ணப்பங்களில், விபத்துக்குக் காரணம் என்ன என்று ஒரே கேள்விதான் இருக்கும். அதற்கு வரக்கூடிய பதிலும் ஒரே வரிதான். இம்முறை, ரயிலின் வேகம் பதிவானதா மதிப்பிட்டதா, ரயில் சாரதி கடமையிலிருந்த நேரம் எவ்வளவு, கடவையில் அன்று எந்த எச்சரிக்கை இயங்கியது, அவ்விடத்துப் புல் கடைசியாக வெட்டப்பட்ட திகதி எது என்று பதினொரு கேள்விகளை இலக்கமிட்டு எழுதியிருக்கிறோம். அக்காவே முதல் கையெழுத்தைப் போட்டார்; திங்கட்கிழமை பதிவுத்தபாலில் அனுப்புகிறோம்.